ஏழு தலை மிருகமும் துண்டுத்துணி மூட்டையும்

தெஹியோவிட்ட கடைத்தெருவில் அந்த அக்காவோடு வாதாடி ஜெயித்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மேலே இருந்த ரப்பர் தோட்டத்தின் மருத்துவச்சி அவர். லயம் என்கிற கூலியாட்கள் வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் "வேதக்கார அக்கா" என்பார்கள். கிராமத்துச் சிங்களவர்கள், மருத்துவச்சிக்கான தங்கள் சொல்லால், "வின்னம்பு அம்மா" என்பார்கள். சொந்தப் பேர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதினால், எங்கள் முஸ்லிம் ஜனங்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால் என்னைக் கூப்பிட்டு, "நானா, நான் இந்தத் தாள்லயா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு நெஞ்சுக்குழியில் கையை வைப்பார். அந்தக் கையைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தவர். அவர்களுடைய வேதத்தில் இனிமேல் நடக்கப்போவதாக எழுதியிருக்கிற பகுதிகள்தான் அவருக்கு உயிர். மிருகங்கள், எக்காளங்கள், வானத்திலிருந்து விழுகிற நட்சத்திரங்கள் எல்லாம் வருமாம். மற்றவர்கள் அவற்றைக் கேட்டால் "எப்ப நடக்கும்?" என்பார்கள். அக்கா "எங்க நடக்கும்?" என்பார். பதிலையும் அவரே சொல்வார். கை நெஞ்சுக்குப் போகும். "இங்க."

நான் தையல்காரன். என் கடைக்கு முன்பக்கம் மெஷின், பலகைச் சுவருக்குப் பின்னால் எங்கள் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை என்பதால் அக்கா மலையிறங்கி வருவார். வெட்டிப்போட்ட துண்டுத்துணிகளைப் பொறுக்க வருவார். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் காலடியிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, உதறி, மாவு மூட்டைச் சாக்கில் போடுவார். கஞ்சி போகக் கொதிக்கவைத்து, கசக்கி மெதுவாக்கி, ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு, லயத்தில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் ஒரு குல்லாவும் சுற்றுத்துணியும் தைப்பார். தையல் மகா மோசம். நான் சொல்லியும் இருக்கிறேன். "பிள்ளை என்னா, தையலையா பாக்கப் போவுது?" என்பார். கிளாக்கரின் கால்சட்டைத் துணி, கங்காணியின் கோட்டுத்துணி, துரை பங்களாவின் பூப்போட்ட திரைத்துணி எல்லாம் ஒரே குல்லாவில் இருக்கும். ஒரு தகப்பன், தன் மகன் துரை வீட்டுத் திரையில் படுத்திருக்கிறான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பெரிய கங்காணி விஷயத்தைச் சொல்கிறேன். தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த மனுஷர், முந்நூறு பேருக்கு அவர் வாய்தான் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். கக்கத்தில் பிடித்தது. என் வாப்பா, உம்மா, வாப்பாவைப் பெற்றவர் என்று ஒருவரையும் விடாமல் திட்ட ஆரம்பித்தார். முக்காலியில் இருந்தபடியே அக்கா பேசினார்.

"பெரியய்யா, ஏழு தலை மிருகம் ஒண்ணு கடல்ல இருந்து ஏறி வரும்னு எங்க வேதத்துல இருக்கு. கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கும் என் கோட்டுக்கும் என்னா சம்பந்தம்?"

"அந்தக் கடலு எங்கயும் இல்லிங்க. இங்கதான்." கை நெஞ்சுக்குப் போயிற்று. "இப்ப ஏறி வந்திருக்கு. ஏழுல எந்தத் தலை பேசுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பேரு வச்சிட்டா அது படுத்துக்கும்."

ஒரு கையில் கோட்டும் ஒரு கையில் வெறும் காற்றுமாக நின்றார் கங்காணி. அவரை அப்படிக் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நான் கத்தரிக்கோலைத் தூரமாகத் தள்ளி வைத்தேன். கோட்டை மேசைமேல் போட்டுவிட்டு அவர், "பசித் தலை. காலையில இருந்து ஒண்ணும் திங்கல" என்றார். அக்கா எழுந்து பக்கத்துக் கடையில் தேநீரும் ரொட்டியும் வாங்கி வந்து கொடுத்தார். அதற்குப் பிறகு தோட்டத்தில் கங்காணி சத்தம் போட்டால், "இன்னைக்கு ஐயாவுக்குப் பசித் தலையா, தொரை ஏசின தலையா?" என்று ஆட்கள் குசுகுசுப்பார்கள். கங்காணிக்கும் அது தெரியும். அவரே சில நாள், "விடுங்கடா, இது பசித் தலை" என்று சொல்லிவிடுவாராம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு ராஜா கனவில் கண்ட சிலையாம். தலை பொன், நெஞ்சு வெள்ளி, கால் மட்டும் களிமண். அது எந்தெந்த ராஜ்யம் என்று மற்ற வேதக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். அக்காவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. "நம்ம நானாதான் அது. வெள்ளிக்கெழம சட்டை தர்றேன்னு சொல்ற வாய் பொன்னு. மெஷினு மிதிக்கிற கால் களிமண்ணு" என்றார். சட்டைக்காக நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சொன்ன வெள்ளிக்கிழமை சட்டை தராதது வாஸ்தவம்தான், அதனால் நானும் சிரித்தேன்.

ஆனால் விளையாட்டாக மட்டும் எடைபோட்டுவிடாதீர்கள். மரம் விழுந்து புருஷன் செத்த ஒருத்தி லயத்தில் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாமியாடிப் பார்த்தார்கள், திருநீறு போட்டார்கள். அக்கா தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். "ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் காஞ்ச எலும்பு கெடந்துச்சாம். எலும்போட எலும்பு தானா வந்து ஒட்டுச்சாம். நீயும் ஒட்டுவ. அவசரமில்ல" என்பார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் அவள் திரும்பிப் பார்த்து வெற்றிலை கேட்டாளாம். அதைச் சொன்ன அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எனக்கும் ரோஷம் உண்டு. எங்களுக்கும் கடைசிக் காலம் இருக்கிறது, அதில் ஜனங்களை ஏமாற்ற வருகிற ஒற்றைக்கண் தஜ்ஜால் இருக்கிறான் என்று ஒரு நாள் எடுத்துவிட்டேன். அக்கா துண்டுத்துணியை மடித்துக்கொண்டே, "ஒத்தைக் கண்ணால பாக்கிறவன் எல்லாருக்குள்ளயும்தான் இருக்கான் நானா" என்றார்.

"அஸ்தஃபிருல்லாஹ். உங்கட மிருகத்த நீங்க எங்க வேணுமெண்டாலும் கட்டிக்கோங்க அக்கா. எங்கட தஜ்ஜால விட்டுருங்க" என்றேன்.

"சரி, விட்டுட்டேன்" என்று சிரித்தார். நான் விடவில்லை. சூடு ஏறியிருந்தது. "அப்ப ஒண்டுமே வெளியில நடக்காதா அக்கா? அவ்வளவு பெரிய வேதத்துல ஒரேயொரு வசனம் சரி வெளியில நடக்காதா?" என்று கேட்டேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நடக்காது" என்றார். "ஒண்ணும் வெளிய நடக்காது. நடந்ததும் கெடையாது." சாக்கின் வாயைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதித் துண்டுகள் தரையிலேயே கிடந்தன. ஏன் அப்படிப் போனார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க வால்வெள்ளி வர வேண்டியிருந்தது.

அந்த வருஷம் விடியற்காலையில் கிழக்கே வால்வெள்ளி தெரிந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே, நீளமான வாலோடு, அசையாமல் நின்றது. விகாரையில் விளக்கேற்றினார்கள், பள்ளிவாசலில் கூட்டம் கூடிற்று, லயத்து மாரியம்மனுக்குக் கிடா வெட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து அவிசாவளைப் பக்கமிருந்து ஒரு பிரசங்கியார் கைமணி அடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், என் கடைக்கு நேர் எதிரே, பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று பேசினார். குரல் என்றால் அப்படிப்பட்ட குரல். இதுதான் கடைசி அடையாளம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானம் சுருண்டுவிடும், வெள்ளை உடுத்தி உயரமான இடத்தில் நிற்கிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். அந்த நாளில் பிள்ளைத்தாய்ச்சிகளின் கதி ஐயோ பாவம் என்று வேதத்திலேயே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

இந்தக் கடைசிப் பேச்சுத்தான் பலகைச் சுவருக்குப் பின்னால் போய் விழுந்தது. என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது, ஒரு முழம் வெள்ளைத் துணியில் சுற்றி நானே கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தேன். அந்தத் துணியைக் கிழித்ததும் நான்தான். அதற்குப் பிறகு என் மனைவி வெள்ளைத் துணியைக் கையால் தொடுவதில்லை.

அந்த வாரம் என் கடையில் வெள்ளைத் துணியைத் தவிர வேறு துணியே இல்லை. கிறிஸ்தவர்கள் மட்டுமா, மாரியம்மனுக்குக் கிடா வெட்டினவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளைச் சட்டைக்கு வந்து நின்றார்கள். பெரிய கங்காணி வெள்ளைக் கோட்டு கேட்டார், கக்கம் தாராளமாக வைக்கச் சொன்னார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருந்தவள் அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. நான் கேட்டதற்கெல்லாம், "ஒண்டுமில்ல" என்றாள்.

குறித்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. அந்த மழையில் லயத்து ஜனம் பாதிக்கு மேல் வெள்ளையும் சள்ளையுமாகத் தோட்டத்து உச்சிப் பாறைக்கு ஏறிப் போயிற்று. என் மனைவிக்குக் காலையில் வலி எடுத்தது. எங்கள் ஆட்களின் மருத்துவச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, தோணி விடமாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரரின் மனைவி வந்து உள்ளே இருந்தார். பத்து மணிக்கெல்லாம் அவர் வெளியே வந்து, "தம்பி, வலிய அவ பிடிச்சு வெச்சிக்கிட்டு இரிக்கா. காலப் பின்னிக்கிட்டு, பல்லக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கா. இண்டைக்குப் பெற மாட்டாளாம்" என்றார்.

அப்போதுதான் அக்கா வந்தார், மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் மூட்டையோடு. ஊரே மலை ஏறின நாளில் அவர் ஒருவர்தான் மலையிறங்கி வந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை, துண்டுத்துணிக்கு வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் மெஷினில் போய் உட்கார்ந்தேன். எங்கே உட்காருவது என்று தெரியாமல்தான் அங்கே உட்கார்ந்தேன். பலகைச் சுவருக்கு இப்பால் எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, அந்த மனுசன் சொன்னதக் கேட்டு இப்பிடிக் கெடக்கிறியா? அது எதுவும் வெளிய நடக்கிறதில்ல. எல்லாம் உள்ள."

என் மனைவியின் குரல் பல்லிடுக்கில் வந்தது. "அதத்தான் நானும் செல்றேன் அக்கா. எல்லாம் உள்ளுக்கெண்டால் அந்த ஐயோவும் உள்ளுக்குத்தானே? எனக்கு உள்ளுக்கு இரிக்கிறது இந்தப் பிள்ளை. அப்ப இதுக்குத்தானே செல்லி இரிக்கி?"

பெரிய கங்காணியை மடக்கியவர், என்னை மடக்கியவர் அக்கா. கூரையில் மழை மட்டும் அடித்தது. யா அல்லாஹ், ஏதாவது சொல்லுங்கள் அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு தங்கச்சி" என்றார் அக்கா. அது நான் கேட்டிராத குரல். "பொம்பளப் பிள்ள. மரியாள்னு பேரு. தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கிட்டு வரயில மன்னார்ல இருந்து காட்டு ரோட்டுல நடத்திக் கூட்டியாந்தாங்களே, அந்த ரோட்டுல காலராவுல போச்சு. கூட வந்தவரு ஒருத்தரு வேதம் தெரிஞ்சவரு. கைப்பிள்ளக்காரிக்கு ஐயோன்னு எழுதியிருக்கும்மா, அது நடக்காமப் போவுமான்னாரு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இதுல எழுதினது ஒண்ணும் வெளிய நடக்கிறதில்லன்னு. நடக்கும்னு ஒத்துக்கிட்டா, ஏம் பிள்ளைக்காக எழுதி வச்சதுன்னுல்ல ஆயிரும். அது எப்பிடி நான் ஒத்துக்குவேன்? எல்லாத்தையும் கொண்டாந்து உள்ள போட்டுப் பூட்டிட்டேன்."

என் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. அக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

"நீ பூட்டாத தங்கச்சி. எத்தன பிள்ள பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன் கேளு. தீர்க்கதரிசனம்னா வேற ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிறது வெளிய வர்றதுக்கு முன்னால வலிக்கிற வலி, அதான். வலியப் பாத்து இது நல்லதா கெட்டதான்னு யாராலயும் சொல்ல முடியாது. வெளிய வரணும், அப்பதான் தெரியும். அத எழுதினவரு ஒன்ன ஏசல. எல்லாரும் ஓடுற நேரத்துல ஓட முடியாதவ கதி என்னான்னு மனசு நொந்து எழுதினாரு. சரி, ஒன்னால ஓட முடியாது. ஓட வேணாம். நான் இங்கதான ஒக்காந்திருக்கேன். காலப் பிரி."

அதற்குப் பிறகு நடந்தது பெண்களின் காரியம். "முக்கு தங்கச்சி, இன்னொரு தரம், அப்பிடித்தான்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில், பிள்ளை வீறிட்டு அழுதது.

"நானா, துணி குடுங்க" என்று அக்கா உள்ளிருந்து கேட்டார். நான் எழுந்து பார்த்தேன். பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். போன தடவையும் தைக்கவில்லை, இந்தத் தடவையும் தைக்கவில்லை. தையல்காரன் வீட்டில் அவன் பிள்ளையைச் சுற்ற ஒரு முழம் துணி இல்லை. மேசை முழுக்க வெள்ளை, அலமாரி முழுக்க வெள்ளை. வெள்ளையில் கை வைத்தேன், கை எழும்பவில்லை. அக்கா திரைக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் மூட்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டார். பிறகு என் மகளை வெளியே கொண்டுவந்து காட்டியபோது, அவள் துரை பங்களாவின் பூத்திரையிலும் கிளாக்கரின் கால்சட்டையிலும் சுற்றப்பட்டிருந்தாள். தலையில் பெரிய கங்காணியின் பழைய கோட்டுத்துணி. தையல் கோணல்மாணலாக இருந்தது. நான் எங்கள் வழக்கப்படி அவள் காதில் பாங்கு சொன்னேன். முடிக்கிற வரைக்கும் அக்கா பிள்ளையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மழை விட்டது. வானம் சுருளவில்லை. பாறையிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். வெள்ளையெல்லாம் செம்மண், காலெல்லாம் அட்டைக்கடி. பிரசங்கியார் வேறு வழியாக இறங்கிப் போய்விட்டாராம். என் கடை முன்னால் பெரிய கங்காணி வந்து நின்றார். புதுக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை கழுவிவிட்டு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணும் நடக்கலியே. நீ சொல்றாப்புல எல்லாம் உள்ளதானா?"

அக்காவின் கை வழக்கம்போல நெஞ்சுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அப்படியே திரும்பி எங்கள் வீட்டுத் திரையைக் காட்டிற்று.

"ஒண்ணு மட்டும் வெளிய நடந்துச்சுங்க, பெரியய்யா. பொம்பளப்பிள்ள."

ஏழாம் நாள் பேர் வைக்கிறபோது என் மனைவி யாரையும் கேட்கவில்லை. மர்யம் என்றாள், மரியாளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் மார்க்கத்திலும் அது பெரிய பேர்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லி அனுப்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார், பிள்ளையைப் பார்த்தார், "பாப்பா" என்று கூப்பிட்டார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாப்பாதான். கங்காணியின் தலைகளை எண்ணினார், என் களிமண் காலைக் கிண்டல் செய்தார், எல்லாம் பழையபடி. அந்தப் பேரை மட்டும் அவர் வாயால் நாங்கள் கேட்கவில்லை. நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை.

மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா முக்காலியில் குனிந்து துண்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருந்தார். இவள் தவழ்ந்து போய், பொறுக்கி வைத்த துண்டுகளைச் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

"மரியா, விடுடி" என்று அதட்டல் கேட்டது.

நான் மிதிப்பதை நிறுத்தினேன். பலகைச் சுவருக்குப் பின்னால் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்துவிட்டு, அடுத்த துண்டையும் வெளியே இழுத்துப் போட்டது. "இழு, இழு, எல்லாத்தையும் வெளிய போடு" என்றார் அக்கா. சாக்கைத் தலைகீழாகப் பிடித்து அவரே மிச்சத்தையும் தரையில் கொட்டினார்.